கண்ணாடி போட்டிருந்தாரா? நினைவுத் தேர்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

முதியோருக்கு நினைவாற்றல், சிந்தனைத் திறன் தேர்வுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும், அந்தத் தேர்வுகளுக்கான படிவங்களையும் விதிமுறைகளையும் வகுக்கும் குழுக்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் மேசையில் இருக்கும் தேர்வுத் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயர் எழுத இடம் இருக்கும். வயது, படித்த ஆண்டுகள், தேதி என எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். தேர்வுக்கு உட்கார்ந்தவர் கண்ணாடி போட்டிருந்தாரா, அது படிக்கிற கண்ணாடிதானா, தாளில் இருந்தது அவர் கண்ணுக்குத் தெரிந்ததா என்று குறிக்க மட்டும் பெரும்பாலான தாள்களில் இடம் இருக்காது. அந்த இல்லாத கட்டத்துக்காகத்தான் இந்த மடல். எழுதுகிற நாங்கள் கண் பரிசோதனை, பார்வைக் குறைவு மறுவாழ்வு, முதியோர் மருத்துவம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நினைவையும் சிந்தனையையும் சில நிமிடத்தில் சோதிக்கும், 1975 முதல் புழக்கத்தில் இருக்கும் எம்.எம்.எஸ்.இ. (மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்) தேர்வுக்கு மொத்தம் 30 மதிப்பெண். அதில் காட்டிய பொருளுக்குப் பெயர் சொல்ல 2, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1, தாளை வாங்கி மடித்துக் கீழே வைக்கும் மூன்று படிக் கட்டளைக்கு 3. ஆக 8 மதிப்பெண் கண் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். 2005இல் வெளிவந்த, அதே நோக்கமுள்ள மோகா (மான்ட்ரியல் காக்னிட்டிவ் அசெஸ்மென்ட்) தேர்விலும் மொத்தம் 30. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிட்டு இணைக்க 1, கனசதுரம் வரைய 1, கடிகாரம் வரைய 3, விலங்குப் படங்களுக்குப் பெயர் சொல்ல 3. அங்கும் அதே 8தான். மோகாவில் 26க்குக் கீழே போனால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. மற்ற எல்லாவற்றையும் பிழையில்லாமல் சொன்ன ஒருவர் படங்களிலும் கோடுகளிலும் ஐந்து மதிப்பெண் விட்டால் 25க்கு வந்து நிற்கிறார். 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு 1 மதிப்பெண் கூட்டித் தர அதே தாளில் இடம் உண்டு. படிப்புக் குறைவுக்கு இடம் கொடுத்த தாளில் பார்வைக் குறைவுக்கு ஒரு கேள்விகூட இல்லை.

பார்வைக் குறைவு மதிப்பெண்ணைக் கெடுப்பது ஒரே வழியில் நடப்பதில்லை. எளிதில் பிடிபடுவது, தெரியாமல் தவறாகச் சொல்வது. காண்டாமிருகத்தின் கொம்பு கண்ணில் படாவிட்டால் அது எருமையாகிவிடுகிறது. பெயர் மறந்துபோனதற்கும் படம் தெரியாததற்கும் தாளில் ஒரே பூஜ்யம்தான். இரண்டாவது, சரியாகச் செய்துவிடுவார், ஆனால் நேரம் பிடிக்கும். 1 முதல் 25 வரையுள்ள வட்டங்களை வரிசையாக இணைக்கும் தேர்விலும், எண்ணுக்கு உரிய குறியை 90 அல்லது 120 விநாடிக்குள் எழுதும் தேர்விலும் கடிகாரம்தான் நீதிபதி. அடுத்த எண் எங்கே என்று கண் துழாவிய நேரமெல்லாம் மூளை மந்தமானதன் அடையாளமாகப் பதிவாகிறது.

மூன்றாவது வழிதான் அதிகம் தவறவிடப்படுவது. அவர் படித்துவிடுகிறார், சரியாகவே படிக்கிறார். ஆனால் மங்கலான எழுத்தை இன்னதென்று ஊகித்துத் தேறுவதற்கே கவனத்தின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. மனத்தில் ஒரே நேரத்தில் தாங்கிவைக்கும் இடம் எல்லோருக்கும் குறுகியது. எழுத்தை அவிழ்க்கும் வேலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், படித்ததைப் பதியவைக்க மிச்சம் இருப்பது கொஞ்சம். பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் நினைவு வராது. தேர்வு நடத்துபவரோ, ‘வாய்விட்டுப் பிழையில்லாமல் படித்தாரே, பார்வையில் கோளாறு இல்லை’ என்று குறித்துவிடுவார். வாய்விட்டுப் படித்தது பார்வைக்குச் சான்று ஆகாது. எவ்வளவு சிரமப்பட்டுப் படித்தார் என்பதுதான் கேள்வி.

இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 2022இல் தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பார்வையில் குறையில்லாதவர்களுக்கு விழித்திரை மையச் சிதைவு போன்ற மங்கலை உண்டாக்கும் கண்ணாடிகளை அணிவித்துத் தேர்வு வைத்தார்கள். கண்ணை நம்பியிருந்த எதிர்வினைத் தேர்வில் மதிப்பெண் இறங்கியது. வாயால் சொற்களை அடுக்கிச் சொல்லும் தேர்வில் இறங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் மூளை அதே மூளைதான். கண்புரை போன்ற மங்கலை உண்டாக்கும் வடிகண்ணாடி அணிவித்த வேறு ஆய்வுகளிலும், வட்டங்களை இணைக்கும் தேர்வும் குறி எழுதும் தேர்வும் அடிவாங்கின.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1994இல் பெர்லினில் 70 முதல் 103 வயது வரையுள்ள 156 பேரைச் சோதித்த லிண்டன்பெர்கர், பால்டஸ் இருவரும், அறிவுத்திறனில் வயதோடு தொடர்புடைய வேறுபாட்டில் 93 விழுக்காட்டைப் பார்வை, செவித்திறன் அளவுகளைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று காட்டினார்கள். கண்ணையும் காதையும் மூளையையும் ஒருசேர மூப்படையச் செய்யும் பொதுக் காரணம் ஒன்று இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். 2001இல் நடுவயதினரின் பார்வையையும் செவியையும் செயற்கையாக மங்கச் செய்து பார்த்தபோது மதிப்பெண் குறையவில்லை என்றும் அதே குழு எழுதியது. ஆகவே குறைந்த மதிப்பெண் எல்லாவற்றுக்கும் கண்தான் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தாளின் எழுத்து எவ்வளவு பெரிது, மங்கல் எவ்வளவு கடுமை, நேரக்கட்டுப்பாடு உண்டா என்பவற்றைப் பொறுத்து விளைவு மாறும். ஒரு தனி மனிதர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய மதிப்பெண்ணில் கண்ணின் பங்கு எவ்வளவு என்று கண்ணை அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வழக்கு அவ்வளவுதான்.

கண்ணில் என்ன கோளாறு என்பதைப் பொறுத்துத் தாளில் விழும் பிழையின் முகமும் மாறும். இதைத் தெரிந்துவைத்திருப்பவர் தேர்வு நடக்கும்போதே பாதியைப் பிடித்துவிடலாம்.

கண்புரை இருப்பவருக்குக் கறுப்பும் வெள்ளையும் கலங்கிச் சாம்பலாகத் தெரியும். பென்சிலால் மெல்லிசாக வரைந்த கோடு அவருக்கு இல்லாத கோடு. சன்னலைப் பார்த்து உட்காரவைத்தால் கூச்சத்தில் தாளே வெளுத்துவிடும். புரை படர்ந்து மஞ்சளாகிய விழிலென்சு நீல ஒளியைத் தின்றுவிடுவதால் நீலமும் பச்சையும் குழம்பும். நிறப்பெயர் சொல்லும் தேர்வில் தடுமாறுபவரை ‘மனக் கட்டுப்பாடு குறைந்தவர்’ என்று எழுதுமுன் நிறம் தெரிகிறதா என்று தனியே கேட்டுவிடுங்கள். ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குப் பிறவியிலேயே சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகப் பிடிபடாத ஊர்களும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்தவருக்கு எதை நேராகப் பார்க்கிறாரோ அதுவே மறையும். சொல்லின் நடு எழுத்து காணாமல் போகும், நேர்கோடு வளையும். அவர் வரைந்த ஐங்கோணத்தில் மூலைகள் சேராமல் இருப்பதற்குக் காரணம் அவர் பேனா முனையையே பார்க்க முடியாததாக இருக்கலாம். தலையைச் சாய்த்து ஓரப்பார்வையால் பார்ப்பது இவரை அடையாளம் காட்டும். ‘கேட்ட கேள்வியைக் கவனிக்காமல் வேறு எங்கோ பார்க்கிறார்’ என்று குறிப்பெழுதிவிடாதீர்கள். அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.

கண் நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) கதை தலைகீழ். நடுவில் சின்ன எழுத்தும் பளிச்சென்று தெரியும், சுற்றிலும் இருப்பது போய்விடும். கண் அட்டையில் 6/6, அதாவது குறையில்லாத பார்வை அளவு, வாசித்த அதே மனிதர் வட்டங்களை இணைக்கும் தேர்வில் அடுத்த எண்ணைத் தேடித் தாள் முழுக்க அலைவார். பக்கவாதத்துக்குப் பிறகு இடப்பாதிப் பார்வை போனவர் வரியின் தொடக்கத்தையே தவறவிடுவார், கடிகாரத்தில் எண்களை வலப்பக்கமே நெருக்கி எழுதுவார். இங்கே ஒரு சிக்கல். பார்வைப் புலம் போனவருக்கு அது போனது தெரியும், சொன்னால் தலையைத் திருப்பித் தேடுவார். மூளை இடப்பக்கத்தையே கவனிக்காமல் விட்டவருக்குச் சொன்னாலும் தேடத் தோன்றாது. தாளை முழுவதுமாக அவருக்கு வலப்பக்கம் நகர்த்தி வைத்து மறுபடி செய்யச் சொன்னால் பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும்.

இத்தனை நோய்களையும் விட அதிகம் ஆளைக் கவிழ்ப்பது வெள்ளெழுத்துதான். அறுபது வயதில் கண்ணுக்கு அருகில் குவிக்கும் சக்தி அநேகமாகத் தீர்ந்துவிடும். 40 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள தாளைத் தெளிவாகப் பார்க்க, தூரப் பார்வைக்கான பவருக்கு மேல் பிளஸ் 2.50 கூட்ட வேண்டும். 1ஐ, மீட்டரில் சொன்ன தொலைவான 0.4ஆல் வகுத்தால் வருவது அது. அந்தக் கண்ணாடி வீட்டு மேசையில் கிடக்கும்; மருத்துவமனைக்கு வந்தவர் தூரக் கண்ணாடியோடு வந்திருப்பார், இல்லாவிட்டால் துணைவரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்திருப்பார். புரை அறுவை செய்து தூரத்துக்கு அமைத்த லென்சு வைத்தவர்களில் பலர், இனிக் கண்ணாடியே வேண்டாம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். தூரத்தில் நிற்பவர் முகம் தெளிவாகத் தெரிவதால் தமக்குப் பார்வைக் குறை என்ற எண்ணமே அவர்களுக்கு வராது. ‘கண் நன்றாகத் தெரிகிறதா?’ என்ற உங்கள் கேள்விக்கு ‘நன்றாகத் தெரிகிறது’ என்றுதான் பதில் வரும். கேள்வி தவறு.

எழுத்து அளவைப் பற்றியும் கொஞ்சம் கணக்கு போட வேண்டியிருக்கிறது. கண் அட்டையில் 6/6 என்பது, எழுத்தின் உயரம் கண்ணில் 5 கலை அளவு கோணம் உண்டாக்குவதைக் குறிக்கும். ஒரு பாகையின் 60இல் ஒரு பங்குதான் ஒரு கலை. 40 சென்டிமீட்டரில் அது 0.58 மில்லிமீட்டர் உயர எழுத்து. 6/18 பார்வை உள்ளவருக்கு அதே தொலைவில் மும்மடங்கு, அதாவது 1.75 மில்லிமீட்டர், வேண்டும். ஆனால் இது விளிம்பு அளவு. விளிம்பில் இருப்பதை எழுத்தெழுத்தாகத் தடவிப் படிக்கலாமே தவிர ஓட்டமாகப் படிக்க முடியாது. சிரமமில்லாமல் படிக்க விளிம்பைப் போல இரண்டு மடங்காவது வேண்டும், மூன்று மடங்கு இருந்தால் நல்லது. அப்படியானால் 6/18 உள்ளவருக்குக் குறைந்தது 3.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய 20 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து. வழக்கமான 12 புள்ளி அச்சில் ஆங்கிலச் சிறிய எழுத்தின் உடல் உயரம் 2 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். தமிழ் அச்சில் இன்னும் ஒரு சங்கடம் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி, இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் இடையிலுள்ள சுழி, ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள ஒரு வளைவு வேறுபாடு எல்லாம் எழுத்தின் மொத்த உயரத்தைவிட மிகச் சிறிய விவரங்கள். அட்டையில் பெரிய எழுத்தை வாசித்தவர் இவற்றில் வழுக்குவார். தமிழில் தேர்வு வைப்பவர்கள் மேலே சொன்ன அளவுக்கு மேல் ஒரு படி கூட்டியே வைத்துக்கொள்ளலாம்.

தூர அட்டையில் 6/9 வந்ததே என்று நிறைவடைந்துவிடவும் வேண்டாம். அந்த அட்டை கன்னங்கரிய எழுத்தைத் தூய வெள்ளையில் காட்டுகிறது. உங்கள் தேர்வுத் தாள் நகலின் நகலின் நகல். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்ற பழமொழியை நகலெடுக்கும் எந்திரத்துக்கு மாற்றி எழுதலாம். ஒவ்வொரு தலைமுறைக்கும் கருமை கொஞ்சம் கரைந்து, கனசதுரத்தின் மெல்லிய கோடுகள் சாம்பலாகிவிடும். கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் எவ்வளவு நுட்பமாக உணர்கிறது என்பதை அளக்க 1988இல் வந்த பெல்லி-ராப்சன் அட்டை உதவும். அதில் எல்லா எழுத்தும் ஒரே அளவு, மூன்று மூன்றாகக் கருமை மட்டும் குறைந்துகொண்டே போகும். 1 மீட்டர் தொலைவில் வைத்துச் சோதிக்க வேண்டும். மதிப்பு 1.5க்குக் கீழே இறங்கினால் பார்வைக் குறைபாடு, 1.0க்குக் கீழே என்றால் அன்றாட வேலைகளே தடுமாறும். வெறும் அட்டைப் பார்வை நன்றாக இருந்து இது மட்டும் மோசமாக இருப்பவர்கள் முதியோரில் உண்டு. அவர்கள்தான் உங்கள் வலையில் தவறாக விழுகிறவர்கள்.

இனி, தேர்வுக்கு முன் என்ன செய்யலாம் என்று சொல்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

நேரம் குறிக்கும்போதே, தூரத்துக்கும் படிக்கவும் உள்ள கண்ணாடிகள் எல்லாவற்றையும் செவிக் கருவியையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அதே நாளில் கண் மருத்துவரிடமும் அவருக்கு நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். விழித்திரையைப் பார்ப்பதற்காகச் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்திருந்தால் கூச்சமும் மங்கலும் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை, சிலருக்கு மறுநாள் வரைகூட, இருக்கும். முதியவரை இரண்டு முறை அலையவிட வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் காலையில் கண் பிரிவு, மதியம் நினைவுப் பிரிவு என்று ஒரே நாளில் அடுக்குவது வழக்கம். வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும், நினைவுத் தேர்வு முதலில்.

வந்ததும் கண்ணாடியை வாங்கித் துடையுங்கள். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். விரல் ரேகையும் எண்ணெயும் படிந்த கண்ணாடி புரைக்கு ஒப்பான மங்கலைத் தரும். பிறகு படிக்கும் கண்ணாடியை மாட்டி, அருகுப் பார்வை அட்டையை 40 சென்டிமீட்டரில் பிடித்து, இரு கண்ணையும் திறந்துவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். 40 சென்டிமீட்டரைக் குத்துமதிப்பாக வைக்காமல் அட்டையில் ஒரு நூலைக் கட்டி அளந்துகொள்ளுங்கள். 30இல் பிடித்தால் எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிடும். அவர் தடையில்லாமல் படித்த மிகச் சிறிய வரியைக் குறியுங்கள். தட்டுத் தடுமாறிப் படித்த வரியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உங்கள் தேர்வுத் தாளின் மிகச் சிறிய எழுத்து அந்த வரியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

அட்டையில் தேறாவிட்டால், 1.2 மில்லிமீட்டர் அளவுள்ள துளை போட்ட கறுப்பு அட்டை வழியாக, ஒவ்வொரு கண்ணாகத் தூர அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். துளை வழியே தெளிந்தால் கண்ணாடியால் சரியாகக்கூடிய குறை, கண்ணாடி மாற்றிய பிறகு தேர்வு வைக்கலாம். துளை வழியேயும் தெளியாவிட்டால் புரையோ விழித்திரையோ நரம்போ, கண் மருத்துவர் பார்க்க வேண்டும். படிக்கும் கண்ணாடியை மறந்து வந்தவருக்காகப் பிளஸ் 2.00, 2.50, 3.00 ஆயத்தக் கண்ணாடிகள் மூன்றை மேசை இழுப்பறையில் போட்டுவைத்தால் பாதிப் பேருக்காவது அன்றே தேர்வு நடத்திவிடலாம் என்பது எங்கள் எண்ணம்.

விளக்கு. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போகும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. கண்மணி சுருங்கிப்போனதும் லென்சு மஞ்சளானதும் காரணம். உங்களுக்குப் போதுமான வெளிச்சம் அவருக்கு அந்தி. தாளின் மேல் 500 லக்சுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறையாமல், முடிந்தால் 1000 லக்ஸ் விழ வேண்டும். கைப்பேசிச் செயலியால் தோராயமாக அளந்துகொள்ளலாம். இதற்கு அறை முழுக்க விளக்கு மாற்ற வேண்டியதில்லை. 60 சென்டிமீட்டரில் இருக்கும் மேசை விளக்கை 30க்கு இறக்கினால் ஒளி நான்கு மடங்காகும். எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், நிழல் விழாது. பல்ப் கண்ணுக்கு நேரே தெரியாதபடி மூடி இருக்கட்டும். சன்னல் அவர் முதுகுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். ஆனால் லென்சின் பின்புறம் நடுவில் புரை உள்ளவருக்கு வெளிச்சம் கூடக் கூடக் கண்மணி சுருங்கி, புரை இருக்கும் இடம் வழியாகவே பார்க்க வேண்டிவரும். அவருக்குக் குறைந்த வெளிச்சமே மேல். ‘கூட்டட்டுமா, குறைக்கட்டுமா?’ என்று கேட்டுவிடுவதே சுருக்கமான வழி.

படங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள், விளக்கு அதில் மின்னிப் படத்தை மறைக்கும். பென்சிலுக்குப் பதில் தடித்த கறுப்புப் பேனா கொடுங்கள். தாளைப் பெரிதாக்கி அச்சிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மையப் பார்வை போனவருக்கு அது உதவும். சுற்றுப்புலம் போனவருக்கோ பெரிதாக்கியது கேடு, ஏற்கெனவே குழாய் வழியே பார்ப்பவருக்கு இன்னும் அகலமான தாளைத் தேடச் சொன்னதாகிவிடும். நேரம் பார்க்கும் தேர்வுகளில் தாளைப் பெரிதாக்கினால் கை நகரும் தூரமும் கூடுவதால், வயதுவாரியான பழைய சராசரிகளோடு ஒப்பிட முடியாது. செய்யுங்கள், ஆனால் செய்ததாக எழுதிவையுங்கள்.

கைக்கணினியில் தேர்வு வைக்கும் புதிய வழக்கத்துக்கும் இது பொருந்தும். திரை 60 சென்டிமீட்டரில் நின்றால் தேவைப்படும் பவர் ஏறத்தாழ 1.67. படிக்கும் கண்ணாடியின் 2.50 அங்கே மங்கலாக்கும், தூரக் கண்ணாடியும் மங்கலாக்கும். இரட்டைப் பகுதிக் கண்ணாடி போட்டவர் தாடையைத் தூக்கிக்கொண்டு கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முயல்வார். கழுத்து வலியோடு செய்த தேர்வில் கவனம் குறைந்தால் வியப்பில்லை. கருவியைத் தாள்போல மேசையில் படுக்கவைத்து, ஒளியைக் கூட்டி, பளபளப்பில்லாத மேலுறை ஒட்டுங்கள். பார்த்தவுடன் தொட வேண்டும் என்ற எதிர்வினைத் தேர்வுகளை, அருகுப் பார்வை அளக்காமல் யாருக்கும் வைக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இவ்வளவு செய்தும் தெரியவில்லை என்றால் வழி இல்லாமல் போகவில்லை. பார்வை சார்ந்த 8 மதிப்பெண்ணை நீக்கிய 22 மதிப்பெண் வடிவம் இரு தேர்வுகளுக்குமே உண்டு. மோகாவின் பார்வையற்றோருக்கான வடிவத்தில் 18ம் அதற்கு மேலும் இயல்பு என்று கொள்வார்கள். சொற்பட்டியலை நினைவில் வைத்துச் சொல்வது, எண்களை நேராகவும் தலைகீழாகவும் சொல்வது, ஒரு நிமிடத்தில் விலங்குப் பெயர்களை அடுக்குவது எல்லாம் காதால் நடக்கிற தேர்வுகள். காது கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு வையுங்கள்.

தயவுசெய்து செய்யக்கூடாதது ஒன்று உண்டு. 22க்கு 17 வாங்கியதை 30க்கு விகிதம் போட்டு 23 என்று எழுதுவது. நீக்கிய பகுதிகள் திட்டமிடலையும் இடவுணர்வையும் சோதிப்பவை, மிஞ்சியவை நினைவையும் மொழியையும் சோதிப்பவை. ஒன்றின் மதிப்பெண்ணை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது. அதைவிட மோசம், பார்க்க முடியாமல் விட்ட கேள்விக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு மொத்தத்தை மட்டும் அறிக்கையில் எழுதுவது. படிக்கிறவருக்கு அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வாய்ப்பே இல்லை.

வீட்டாரைக் கேட்டு நிரப்பும் படிவங்களும் தப்பவில்லை. ‘பணக் கணக்கு பார்ப்பதை விட்டுவிட்டார், தொலைபேசியில் எண் தவறாக அழுத்துகிறார், தெரிந்தவர்களைக் கண்டுகொள்வதில்லை’ என்று மகள் சொன்னால் அது மறதியாகவும் இருக்கலாம், கண்ணாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடுதல் கேள்வி போதும். வாயால் சொன்னால் கணக்கு சரியாகப் போடுகிறாரா? குரலைக் கேட்டால் ஆளை அடையாளம் தெரிகிறதா? குரலுக்கும் தெரியவில்லை என்றால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

எதிர்த்திசைப் பிழையையும் சொல்லாமல் விட்டால் நாங்கள் பாதி உண்மை சொன்னவர்கள் ஆவோம். மூளையின் பின்பகுதி சுருங்கும் ஒரு வகை நோய் இருக்கிறது. பெரும்பாலும் அல்சைமர் நோயின் வேறு முகம் அது. 50 முதல் 65 வயதுக்குள்ளேயே பலருக்குத் தொடங்கும். ‘பார்வை சரியில்லை’ என்றுதான் வருவார்கள். கண்ணில் குறை இருக்காது. கண்ணாடியை இரண்டு மூன்று முறை மாற்றியும் தெளிந்திருக்காது. தனி எழுத்தைச் சிறிதாக இருந்தாலும் படிப்பார், பத்தியில் வரி தவறுவார். மேசையில் கண்ணெதிரே இருக்கும் சாவியை மற்றப் பொருள்களுக்கு நடுவே காணமாட்டார். பெரிய எழுத்தைவிடச் சிறிய எழுத்து எளிதாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் சிரித்து ஒதுக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். கண் மருத்துவர்களான எங்கள் தரப்பு அதிகம் தவறவிடுவது இதைத்தான், ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொன்று, பார்வை வெகுவாகக் குறைந்தவர்களுக்குத் தோன்றும் இல்லாத உருவங்கள். சின்னச் சின்ன மனிதர்கள், பூக்கோலங்கள், முகங்கள். 1760இல் தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை எழுதிவைத்த சார்ல் போனே பெயரால் இது அழைக்கப்படுகிறது. உருவம் தெரிகிறது, ஆனால் அது உண்மையில்லை என்பதும் அவருக்குத் தெரிகிறது. ஓசை எதுவும் கேட்காது. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி வெளியே சொல்லாமலே இருப்பார்கள். நீங்களாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, மறதிநோய்க் கணக்கில் சேர்க்குமுன் கண்ணைப் பாருங்கள்.

விதிமுறை வகுக்கும் குழுக்களுக்குத் தனியே ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பார்வை அறிக்கை, குறைந்தது 220 கோடிப் பேருக்கு அருகிலோ தூரத்திலோ பார்வைக் குறை உண்டு என்றும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் சொல்கிறது. அதே ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட முதியோர் பராமரிப்புக் கையேடு, நினைவாற்றலையும் பார்வையையும் செவியையும் ஒரே முதல்நிலைச் சோதனையில் சேர்த்து வைத்திருக்கிறது. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணிகளில் ஒன்றாகச் சிகிச்சை பெறாத பார்வைக் குறைவைச் சேர்த்தது. அதன் பங்கு 2 விழுக்காடு என்பது அவர்கள் மதிப்பீடு. 2022இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்ட 3038 பேரைத் தொடர்ந்து கவனித்து, புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு என்று கண்டது. கண் நீர் அழுத்த நோய்க்கான அறுவையில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. இதை வைத்து அறுவை மறதிநோயைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்ய வேண்டாம். அறுவைக்கு முன்வருகிறவர்கள் பொதுவாகவே உடல்நலம் கூடியவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் ‘மறதிநோய் இருக்கிறது, இனிப் புரையை எடுத்து என்ன பயன்?’ என்று அறுவையைத் தள்ளிப்போடும் வழக்கத்துக்கு எந்த ஆய்வும் துணை நிற்கவில்லை. மயக்க மருந்து வகையையும் உடனிருப்பவரையும் திட்டமிட வேண்டியிருக்கும், அவ்வளவே.

படிவத்தில் நாங்கள் கேட்கும் வரி இது: ‘படிக்கும் கண்ணாடி அணிந்தார், அணியவில்லை, தேவையில்லை, 40 சென்டிமீட்டரில் தடையின்றிப் படித்த அளவு, வெளிச்சம் சரி அல்லது குறைவு, பார்வையால் விடுபட்ட கேள்விகளின் எண்கள்’. மொத்த மதிப்பெண்ணுக்குக் கீழே அடிக்குறிப்பாக வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். மேலே, வயதுக்கும் படிப்புக்கும் பக்கத்தில் வையுங்கள். அந்த வரி நிரப்பாத தாளில் மொத்தம் போடக் கூடாது என்று ஒரு விதி சேருங்கள். பார்வை அளக்கப்படாமல் முன்பு போட்ட மதிப்பெண்ணை வைத்து ஓட்டுநர் உரிமமோ சொத்து நிர்வாகமோ முடிவாகியிருந்தால், அந்தத் தாள்களை முதலில் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

மறுதேர்வு எப்போது என்பதையும் விதியில் எழுதிவிடுங்கள். கண்ணாடி மாற்றியவருக்குப் புதிய பவர் பழக இரண்டு வாரமாவது வேண்டும். புரை அறுவை செய்தவருக்குக் கண் ஆறி, படிக்கும் கண்ணாடி கைக்கு வந்த பிறகே, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. இரண்டு கண்ணிலும் அறுவை இருந்தால் இரண்டாவது கண்ணிலிருந்து எண்ணுங்கள், இடைப்பட்ட காலத்தில் இரு கண்ணின் பவரும் ஒத்துப்போகாமல் பார்வை முன்னைவிடக் குழம்பியிருக்கும். மறுதேர்வுக்கு அதே தாளைக் கொடுக்காதீர்கள், மோகாவுக்கு மாற்று வடிவங்கள் உண்டு. பழைய தாளையே கொடுத்து மதிப்பெண் கூடினால், கூடியது கண்ணாலா பழக்கத்தாலா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
முதியோரின் கண்ணையும் நினைவையும் ஒருசேரக் கவனிக்கும் பணியில் உள்ளோர்